கம்ப்யூட்டர் தப்பாக அடித்துவிட்டதா? இ-சேவை மேசையில் உள்ள கருவிகளும் அவற்றின் பூர்விகமும்

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஓர் இ-சேவை மையத்தில் சற்று நேரம் நின்றால் மூன்று வகைப் புகார்கள் காதில் விழும். "இனிஷியல் ஆதாரில் ஒரு மாதிரி, பான் அட்டையில் வேற மாதிரி இருக்கே அண்ணே." "ஆச்சிக்கு ரேகை விழவே மாட்டேங்குது." "போன வருஷம் கொடுத்த ரசீதுல ஒரு எழுத்துகூட இல்ல." மூன்றுக்கும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: கம்ப்யூட்டர் தப்பு, இல்லாவிட்டால் சர்வர் தப்பு.

ஆனால் இந்த மூன்றிலும் கணக்குப் போடும் இயந்திரத்தின் மேல் பழி இல்லை. தகவல் உள்ளே போகும் இடத்திலும் வெளியே வரும் இடத்திலும்தான் கோளாறு. அங்கே இருக்கும் கருவிகளில் பெரும்பாலானவை கம்ப்யூட்டருக்காகப் பிறந்தவை அல்ல. தறி, தட்டச்சு, போலீஸ், நகல் எடுப்பு என்று ஒவ்வொன்றும் வேறொரு தொழிலிலிருந்து வந்து சேர்ந்தது. அந்தப் பழைய தொழிலின் வரம்புகளும் கூடவே வந்துவிட்டன. ஒரு கருவி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், அது எந்த மாதிரித் தப்பு செய்யும் என்பதும் தெரிந்துவிடும்.

## உள்ளீடு எது, வெளியீடு எது

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பழைய கணக்குப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். அன்றாட வரவு செலவைக் குறிப்பேட்டில் எழுதுவது உள்ளீடு. அதைப் பேரேட்டில் ஆள்வாரியாகப் பிரித்துக் கூட்டிக் கழிப்பது செயலாக்கம். முடிவில் ஐந்தொகையாக எடுத்துக் காட்டுவது வெளியீடு. குறிப்பேட்டில் 150 என்பதை 510 என்று எழுதிவிட்டால், கூட்டல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஐந்தொகை தப்பாகத்தான் வரும்.

கம்ப்யூட்டரில் கூடுதலாக ஒரு விஷயம் உண்டு. அதற்கு எண்கள் மட்டுமே தெரியும். ஆகவே உள்ளீட்டுக் கருவி என்பது வெளியுலகத்தில் உள்ள ஒன்றை (விரல் அழுத்தம், ஒளி, ஒலி, ரேகை) எண்ணாக மாற்றுவது. வெளியீட்டுக் கருவி என்பது எண்ணை நாம் பார்க்கும், கேட்கும், தொடும் ஒன்றாக மாற்றுவது.

மாணவர்கள் அடிக்கடி குழம்பும் மூன்று கருவிகளை இங்கேயே தீர்த்துவிடலாம்.

1. தொடுதிரை: இரண்டும்தான். அது ஒரே பொருளாகத் தெரிந்தாலும் இரண்டு அடுக்கு. கீழே இருப்பது படம் காட்டும் திரை. மேலே ஒட்டியிருப்பது தொடுதலை உணரும் கண்ணாடி. மேல் அடுக்கு உடைந்தால் படம் தெரியும், தொட்டால் வேலை செய்யாது.
2. பென் டிரைவ்: சேமிப்புக் கருவி. தகவல் இரு பக்கமும் போய்வரும் என்பதால் மட்டும் அதை விசைப்பலகையோடு சேர்த்துப் பேச முடியாது.
3. யு.பி.எஸ்.: இரண்டும் இல்லை. மின்சாரம் தருகிறது, தகவல் எதையும் தருவதில்லை.

## கட்டம் கட்டமாக ஏன் எழுதச் சொல்கிறார்கள்

விண்ணப்பப் படிவத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று வரிசையாக இருக்கிறதே, அதன் பூர்விகத்தைத் தேடினால் தறியில் போய் நிற்கும்.

பிரான்சின் லியோன் நகரத்தில் 1804-ல் ஜோசப் மரி ஜக்கார் ஒரு தறி அமைப்பைக் கொண்டுவந்தார். தடித்த அட்டைகளில் துளை போட்டு வரிசையாகக் கோத்துத் தறியின் மேல் மாட்டினார். துளை உள்ள இடத்தில் கொக்கி பாவு நூலை (நீளவாக்கில் ஓடும் நூல்) தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. ஒரு அட்டைக்கு ஒரு ஊடை (குறுக்கே ஓடும் நூல்). பூவேலைப்பாடு முழுவதும் துளைகளாக எழுதப்பட்டுவிட்டது. நம் நெசவாளர்கள் ஜக்கார்டு பெட்டி என்று சொல்வது இதன் வாரிசுதான். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கியின் கட்டத்துக்கும் கோட்டுக்கும் இந்த அட்டை தேவையில்லை. பாவிலும் ஊடையிலும் நூலின் நிறத்தை மாற்றினாலே அவை வந்துவிடும். பூவும் உருவமும் நெய்யும்போதுதான் அட்டைக்கு வேலை.

துளையை நூலுக்குப் பதில் மனிதர்களை எண்ணுவதற்குப் பயன்படுத்தியவர் அமெரிக்காவின் ஹெர்மன் ஹாலரித். அங்கே 1880-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கைத் தொகுத்து முடிக்கவே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆயின. 1890 கணக்கெடுப்புக்கு அவர் ஆளுக்கு ஓர் அட்டை என்று வைத்தார். வயது, பால், தொழில் எல்லாம் துளை இருக்கும் இடத்தை வைத்துத் தெரியும். அட்டையின் மேல் ஊசிகள் இறங்கும். துளை வழியாகப் போன ஊசி கீழே உள்ள பாதரசக் கிண்ணத்தைத் தொட்டதும் மின்சுற்று மூடி, கடிகார முள் ஓர் எண் நகரும். இவருடைய நிறுவனம் பின்னால் வேறு சிலவற்றோடு இணைந்து, 1924-ல் ஐ.பி.எம். என்று பெயர் மாறியது.

ஐ.பி.எம். 1928-ல் கொண்டுவந்த அட்டையில் 80 பத்திகள். ஒரு பத்திக்கு ஓர் எழுத்து. பெயருக்கு இத்தனை பத்தி, ஊருக்கு இத்தனை பத்தி என்று முன்கூட்டியே பிரித்து வைத்தார்கள். நீளமான பெயர் வந்தால் வெட்டத்தான் வேண்டும். அட்டை போய்த் திரை வந்தபோதும் வரிக்கு 80 எழுத்து என்பதே நீண்ட காலம் வழக்கமாக இருந்தது. பெயருக்கு இத்தனை எழுத்துதான் என்ற வரம்பு அப்படியே மென்பொருள்களுக்குள்ளும் குடியேறிவிட்டது.

இது செட்டிநாட்டில் ஏன் கூடுதலாக இடிக்கிறது? நகரத்தார் இனிஷியல் வழக்கத்தால்தான். பழ., சித., ராம., அரு., மெ. என்று பெயரின் முதல் ஓரிரு எழுத்துகளை எடுத்துக்கொள்வது இங்கே மரபு. ஆங்கிலத்தில் எழுதும்போது ராம. என்பது 'ஆர்.எம்.' ஆகும், பழ. என்பது 'பி.எல்.' ஆகும். வீட்டில் உள்ளவர்களுக்கு அது ஒரே இனிஷியல். படிவத்தை நிரப்புகிறவருக்கோ அது இரண்டு தனித்தனி இனிஷியல். இதோடு பாட்டனார் பெயரின் இனிஷியலும் சேர்ந்தால் ஒரு ஆவணத்தில் மூன்று எழுத்து, இன்னொன்றில் இரண்டு, மூன்றாவதில் நடுவில் இடைவெளியோடு என்று ஆகிவிடும். பான் விண்ணப்பத்திலோ இனிஷியலையே ஏற்பதில்லை, விரித்து எழுதச் சொல்கிறார்கள். அப்போது 'ஆர்.எம்.' என்பது 'ராமநாதன்' என்று நீண்டுவிடும். இரண்டு ஆவணங்களை ஒப்பிடும் மென்பொருளுக்கு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் ஒரே ஆள்.

ஆகவே இப்படிப்பட்ட பெயர் உள்ளவர்கள் எல்லா ஆவணத்திலும் விரித்த பெயரையே ஒரே எழுத்துக்கூட்டலில் வைத்துக்கொள்வது நல்லது. இனிஷியல் மரபை விட்டுவிடச் சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகையில் அது அழகாக இருக்கட்டும். கட்டம் போட்ட படிவம் அந்த மரபை அறியாது, அவ்வளவுதான்.

தமிழில் தட்டினால் இன்னொரு கணக்கும் உண்டு. 'நாராயணன்' என்பதை நாம் ஐந்து எழுத்தாகப் பார்க்கிறோம். ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் ஓர் எண் தரும் யுனிகோடு முறையில் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். எனவே அது எட்டு. அதைச் சேமிக்கும் வழக்கமான முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு, மொத்தம் 24. அளவு குறைவான ஒரு பெட்டியில் தமிழ்ப் பெயரின் வால் அறுபட்டு நிற்பதற்கு இது ஒரு காரணம்.

## விசைப்பலகை: தட்டச்சு மேசையிலிருந்து வந்தது

கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் அமெரிக்காவின் மில்வாக்கியில் 1868-ல் தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். துப்பாக்கி செய்துவந்த ரெமிங்டன் நிறுவனம் அதை 1870-களில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று நாம் காணும் ஆங்கில எழுத்து வரிசை 1878 அளவில் ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்காமல் இருக்க வேண்டும் என்பது அன்றைய பெரிய கவலை. தட்டுபவரை மெதுவாக்குவதற்காகவே இந்த வரிசையை வைத்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்குச் சான்று கிடையாது. கம்பிகள் மறைந்த பிறகும் வரிசை மட்டும் மாறவில்லை. கோடிக்கணக்கான விரல்கள் பழகிவிட்டன.

தமிழுக்கு இந்த வேலையைச் செய்தவர் யாழ்ப்பாணத்தில் 1886-ல் பிறந்த ஆர். முத்தையா. நகரத்தார் வட்டிக்கடைகள் நிறைந்திருந்த மலாயா, சிங்கப்பூர்ப் பகுதியில்தான் அவரும் வேலை பார்த்தார். 1930-களில் தமிழ்த் தட்டச்சுக்கு விசைப்பலகை அமைத்தார். 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்க வேண்டும். புள்ளி, இகரக் கொக்கி போன்றவற்றுக்கு நகராத விசைகளை வைத்தார். குறி விழும், தாள் நகராது, அடுத்துத் தட்டும் எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும். கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைத் துண்டு துண்டாகச் சேர்க்கும் முறை இது. 'கெ' அடிக்கக் கொம்பு முதலில், ககரம் பிறகு.

கம்ப்யூட்டர் வந்ததும் இரண்டு பாதை பிரிந்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. இது வடிவத்தைப் பார்ப்பதில்லை, ஒலியைப் பார்க்கிறது. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். க, இ என்று தட்டினால் 'கி'. ககரத்தை இருமுறை தட்டினால் புள்ளியை அதுவே போட்டு 'க்க' ஆக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் இதையே பழக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தட்டச்சு முறையில் கை ஊறியவர்களை மாறச் சொல்வதில் பயனில்லை. அந்த முறையிலேயே யுனிகோடு தட்டும் மென்பொருள் இருக்கிறது.

இரண்டாவது பாதைதான் தலைவலியைக் கொண்டுவந்தது. யுனிகோடு பரவுவதற்கு முன்பு பாமினி போன்ற எழுத்துருக்கள் ஒரு குறுக்கு வழியில் தமிழைக் காட்டின. உள்ளே சேமிப்பது ஆங்கில எழுத்து, திரையில் மட்டும் தமிழ் வடிவம். பாமினியில் 'தமிழ்' என்று தெரிவதன் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அதுதான் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-ல் யுனிகோடைத் தரமாக ஏற்றது. ஆனால் அதற்கு முன்பு தட்டி வைத்த கோப்புகள் இன்னும் பல இடங்களில் கிடக்கின்றன. பழைய கோப்பை மாற்றியில் போட்டு யுனிகோடாக்கியபின் கொம்பையும் காலையும் ஒருமுறை கண்ணால் சரிபார்ப்பது அவசியம். கொம்பு முன்னால் சேமிக்கப்பட்ட முறையிலிருந்து பின்னால் சேமிக்கும் முறைக்குப் போகிறபோது 'கொ', 'கெள', 'கௌ' போன்றவை தடுமாறும்.

## ரேகைப் பொறி: வங்கத்திலிருந்து காரைக்குடிக்கு

இந்த மேசையில் இருப்பவற்றில் இந்திய மண்ணோடு நெருங்கிய உறவுள்ளது இதுதான். 1858-ல் வங்கத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்கான பொருள் தர ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் கையெழுத்தோடு உள்ளங்கைப் பதிவையும் வாங்கினார். பிறகு ஹூக்ளியில் பணியாற்றியபோது, இறந்தவர் பெயரில் வேறொருவர் ஓய்வூதியம் வாங்குவதைத் தடுக்க விரல் ரேகையைப் பயன்படுத்தினார். 1897-ல் கல்கத்தாவில் ரேகைப் பிரிவு தொடங்கியது. ஆயிரக்கணக்கான ரேகைகளை வகைப்படுத்தித் தேடும் கணித முறைக்கு அஸிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகிய இரு இந்தியக் காவல் அலுவலர்கள் உழைத்தார்கள். மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரே அந்த முறைக்கு நிலைத்துப்போனது நியாயமில்லை. இன்று ஓய்வூதியர்கள் விரல் வைத்து உயிர்வாழ் சான்று தருவது, ஹெர்ஷல் தொடங்கிய அதே காரியம்தான்.

ஒளிவகைப் பொறி எப்படிப் படிக்கிறது? கண்ணாடிப் பட்டகத்தின் மேல் விரலை வைக்கிறோம். கீழிருந்து ஒளி வருகிறது. ரேகையின் மேடு கண்ணாடியைத் தொடாத இடத்தில், அதாவது பள்ளத்தில், காற்று இருப்பதால் ஒளி முழுவதும் திரும்பும். மேடு தொடும் இடத்தில் திரும்பாது, கறுப்பாக விழும். அந்தப் படத்தில் கோடு முடியும் இடங்களையும் இரண்டாகப் பிரியும் இடங்களையும் குறித்துக்கொண்டு ஒப்பிடுகிறது.

தோல் வறண்டிருந்தால் மேடு கண்ணாடியோடு ஒட்டாது. வியர்த்திருந்தால் பள்ளமும் நிரம்பிவிடும். சிமென்டிலும் சுண்ணாம்பிலும் நாள் முழுக்கக் கை வைப்பவர்களுக்கு மேடே தேய்ந்து போகிறது. ஆத்தங்குடியில் கண்ணாடிப் பரப்பின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமென்டும் மணலும் போட்டுக் கையால் கல் செய்கிறவர்களையும் கொத்தனார்களையும் நினைத்துப் பாருங்கள். வயதானவர்களுக்கு உழைப்பு இல்லாமலேயே தோல் தளர்ந்து ரேகை மங்கும். ஆச்சியின் விரலைப் பிடித்து அழுத்து அழுத்து என்று அழுத்துவது பயன் தராது. அதிகம் அழுத்தினால் மேடும் பள்ளமும் ஒன்றாக நசுங்கும்.

செய்யக்கூடியது:

1. கையைக் கழுவித் துடைத்து, வறண்ட விரலில் லேசாக ஈரமோ தைலமோ தடவித் துடைத்துவிட்டு வைப்பது. பொறியின் கண்ணாடியையும் துடைப்பது. முந்தைய ஆளின் எண்ணெய்ப் பிசுக்கும் பதியும்.
2. கட்டைவிரலோடு நிற்காமல் மற்ற விரல்களையும் முயல்வது. ஒருவருக்கே சில விரல்கள் தெளிவாகவும் சில மங்கியும் இருக்கும்.
3. கருவிழி அல்லது முகம் வழியாக அடையாளம் பார்க்கும் வசதி அங்கே இருக்கிறதா என்று கேட்பது. ஆதாரில் இரண்டும் அனுமதிக்கப்பட்ட வழிகள்.
4. ஆதாரில் உள்ள ரேகையே பழையது என்றால் பதிவு மையத்தில் புதுப்பிப்பது.

எல்0, எல்1 என்று ஒரு பேச்சும் பலரைக் குழப்பியது. பழைய எல்0 பொறியில் ரேகைப் படம் பொறியிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்து, அங்கே உள்ள மென்பொருளால் பூட்டப்படும். நடுவழியில் யாரும் பிடித்து வைக்கவோ, பழைய படத்தைத் திரும்ப அனுப்பவோ வாய்ப்பு இருந்தது. எல்1 பொறி தன் உள்ளேயே பூட்டி முத்திரையிட்டு அனுப்புகிறது. அதனால்தான் ஆதார் ஆணையம் பழையவற்றை விலக்கச் சொன்னது. பொறி மாறியதால் உங்கள் ரேகைப் பதிவு மாறிவிடாது.

## மவுஸ், திரை

இவை அதிகம் தப்பு செய்வதில்லை, சுருக்கமாகச் சொல்லலாம். மவுஸ் 1964-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தது. டக்ளஸ் எங்கல்பார்ட் யோசித்தார், பில் இங்கிலிஷ் செய்தார். மரப்பெட்டி, அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்த இரண்டு சக்கரங்கள். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் மேடையில் காட்டினார்கள். வீட்டு மேசைக்குப் பரவலாக வந்தது 1984-ல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டர் வந்தபிறகு.

பழைய பெட்டித் திரையின் மூலம் கார்ல் ஃபெர்டினண்ட் பிரவுன் 1897-ல் செய்த கதிர்க் குழாய். மின் அலைகளை ஆய்வதற்காகச் செய்தது தொலைக்காட்சிக்குப் போய், பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தது. இன்றைய தட்டைத் திரையில் உள்ள திரவப் படிகத்தை 1888-ல் கண்டவர் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலர். கேரட்டிலிருந்து எடுத்த பொருளை ஆராய்ந்தபோது அது இரண்டு முறை உருகுவதைக் கவனித்தார். அதைக் காட்சித் திரையாக்க எண்பது ஆண்டுகள் பிடித்தன. தொடுதிரையை 1965-ல் எழுதிவைத்தவர் இங்கிலாந்தின் ஈ.ஏ. ஜான்சன். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக அவர் அதை யோசித்தார்.

## ஸ்கேனரும் க்யூஆரும்

ரஸல் கிர்ஷ் 1957-ல் தன் கைக்குழந்தையின் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். அகலம் 176 புள்ளி, உயரம் 176 புள்ளி, மொத்தம் 30,976. இன்று ஏ4 தாளை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 87 லட்சம் புள்ளி. டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. அதைப் பாதியாக்கினால் புள்ளிகள் கால்வாசியாகும்.

இணையதளம் கோப்பின் அளவுக்கு வரம்பு வைக்கும்போது பலர் பெரிதாக ஸ்கேன் செய்து, பிறகு சுருக்கிச் சுருக்கிச் சேமிக்கிறார்கள். ஜேபெக் வகையில் ஒவ்வொரு சேமிப்பிலும் கொஞ்சம் விவரம் போகும். பத்திரத்தின் சிறிய எழுத்தும் முத்திரையும்தான் முதலில் கலங்கும். 200 டிபிஐ, வண்ணம் வேண்டாத இடத்தில் சாம்பல் நிறம் என்று முதலிலேயே அமைத்து ஒரே முறை ஸ்கேன் செய்தால் போதும். வீட்டில் வைத்துக்கொள்ளும் பிரதிக்கு மட்டும் 300-க்குக் கீழே குறைக்க வேண்டாம். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் அச்சுத் தாள்களும், அவர் மறைந்தபின் 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் நூலகமாகி, நுண்படமாகவும் பின்னர் மின்வடிவமாகவும் மாறின. செட்டிநாட்டு வீடுகளில் இன்னும் பெட்டகத்தில் கிடக்கும் கணக்குகளுக்கும் கடிதங்களுக்கும் அந்த அக்கறை வேண்டும்.

க்யூஆர் 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில், மசாஹிரோ ஹாராவின் குழு கார் உதிரிப் பாகங்களைக் கணக்கிடச் செய்தது. மூன்று மூலையில் உள்ள சதுரங்கள், எந்தக் கோணத்தில் பிடித்தாலும் குறியைக் கேமரா கண்டுபிடிப்பதற்கு. உயர்ந்த நிலையில் அச்சிட்டால் 30 சதவீதம் வரை அழுக்கானாலும் படிக்க முடியும். ஆதாரில் உள்ள க்யூஆரில் பெயரும் பிறந்த தேதியும் ஆணையத்தின் மின் முத்திரையோடு இருக்கின்றன. விவரத்தைக் கையால் தட்டாமல் அதைப் படித்து நிரப்பும் வசதி இருந்தால் அதையே கேளுங்கள். தட்டச்சுப் பிழைக்கு அங்கே இடமே இல்லை.

## பிரின்டர்: எது நிற்கும், எது அழியும்

வெளியீட்டில் குழப்பம் எல்லாம் தாளைப் பற்றியதுதான். நான்கு வகை அச்சு புழக்கத்தில் இருக்கிறது.

1. ஊசி பிரின்டர். 9 அல்லது 24 ஊசிகள் மைநாடாவை அடிக்கும். சத்தம் அதிகம். தட்டச்சைப் போல் அடித்து எழுதுவதால் கார்பன் நகலும் ஒரே அடியில் விழும், வங்கிப் பாஸ்புக் போன்ற தடித்த ஏட்டிலும் அடிக்கும். அதனாலேயே இது இன்னும் வங்கிகளை விட்டுப் போகவில்லை.
2. லேசர். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கில் செஸ்டர் கார்ல்சன் மின்னூட்டமும் தூளும் வைத்து எடுத்த நகலே இதன் தொடக்கம். 1959-ல் அது ஜெராக்ஸ் இயந்திரமானது. கேரி ஸ்டார்க்வெதர் 1971 அளவில் அதற்குள் லேசரைச் செலுத்தி பிரின்டர் ஆக்கினார். கறுப்புத் தூள் ஒரு பிளாஸ்டிக். சூட்டில் உருகித் தாளில் ஒட்டுகிறது. தண்ணீரில் கரையாது. ஆனால் மலிவான பிளாஸ்டிக் உறையில் ஆண்டுக்கணக்கில் வைத்தால் எழுத்து உறையோடு ஒட்டிக்கொண்டு வரும்.
3. இங்க்ஜெட். மையைச் சிறு துளிகளாகத் தெளிக்கும். படத்துக்கு நன்றாக இருக்கும். பெரும்பாலான மை ஈரம் பட்டால் பரவும்.
4. வெப்பத் தாள். ரேஷன் கடை, பஸ் டிக்கெட், ஏ.டி.எம்., கடை பில் எல்லாம் இதுதான். இதில் மையே கிடையாது. தாளின் மேல் பூசிய வேதிப்பொருள் சூடு பட்ட இடத்தில் கறுக்கிறது. வெயில், எண்ணெய், சில பிளாஸ்டிக் உறைகள் எல்லாம் அந்தக் கறுப்பை அழிக்கும்.

போன வருஷத்து ரசீது வெள்ளையாகிப்போனது நான்காவது வகை என்பதால்தான். பணம் கட்டியதற்கான அத்தாட்சி இந்தத் தாளில் வந்தால் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், அல்லது செல்பேசியில் படம் பிடித்து வையுங்கள். லேமினேட் செய்யக் கொடுக்காதீர்கள். அந்தச் சூட்டில் தாள் முழுவதும் கறுத்துவிடும், ஒரு எழுத்தும் மிஞ்சாது.